மலையகத்து வீட்டிலிருந்து பெரிய முதன்மை எண் தேடுவது எப்படி? கரண்ட், டேட்டா, நேரக் கணக்குடன்

136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். கிடைப்பது ஒரு முதன்மை எண். 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்று எழுதுவோம். அதற்கு 41,024,320 இலக்கங்கள். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இதைவிடப் பெரிய முதன்மை எண் எதையும் இதை எழுதும் வரை நான் அறியவில்லை. கண்டுபிடித்தவர் லூக் டுராண்ட். தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு பெரிய முதன்மை எண்களைத் தேடும் கிம்ப்ஸ் என்ற தேடலில் சேர்ந்திருந்த அமெரிக்கர்.

அந்தத் தேடலில் யாரும் சேரலாம். ஹட்டனில் இருந்தும் சேரலாம், பண்டாரவளையில் இருந்தும் சேரலாம். ஆனால் கிடைக்கும் விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன. அளவில்லாத இணையமும் அறுபடாத கரண்டும் உள்ளவர்களை மனத்தில் வைத்தே அவை எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே இருந்துகொண்டு ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித்தான் நான் அறிந்துகொண்டேன். உங்களுக்கு, குறிப்பாக உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு, அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. மென்பொருளுக்கு முன் கொப்பி

முதலில் கையால் ஒன்றைச் செய்து பாருங்கள். அரை மணித்தியாலம் போதும். கணினி பல நாள் என்ன செய்யப்போகிறது என்பது அதற்குள் விளங்கிவிடும்.

2⁵ − 1 = 31. இது முதன்மை எண்ணா என்று லூகாஸ்–லேமர் சோதனையால் பார்ப்போம். 4 இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2 ஐக் கழியுங்கள். வந்ததை 31 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். சுட்டி 5 என்பதால் இரண்டு குறைத்து மூன்று தடவை செய்ய வேண்டும். முதல் தடவை 14. அடுத்தது 194, மீதி 8. அடுத்தது 62, மீதி 0. கடைசியில் பூச்சியம் வந்தால் முதன்மை எண், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சோதனை.

2⁷ − 1 = 127 க்கு ஐந்து தடவை: 14, 67, 42, 111, 0. இதுவும் முதன்மை எண்.

இப்போது 2¹¹ − 1 = 2047. ஒன்பது தடவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் இல்லை, ஆகவே இது முதன்மை எண் இல்லை. உண்மையில் 2047 = 23 × 89. ஆனால் அந்தக் காரணிகள் என்ன என்று சோதனை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணி தெரியாமலே ‘இது முதன்மை எண் இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. எனக்கு இந்தக் கணிதத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கும் இடமும் இதுவே. சுட்டி முதன்மை எண்ணாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 11 முதன்மை எண், ஆனால் 2047 இல்லை. மறுபக்கம் மட்டும் எப்போதும் சரி: சுட்டியைக் காரணிப்படுத்த முடிந்தால் பெரிய எண்ணையும் காரணிப்படுத்தலாம். 15 = 3 × 5 என்பதால் 2¹⁵ − 1 = 32767 ஐ 7 உம் 31 உம் மீதியின்றி வகுக்கும். அதனால்தான் தேடலில் முதன்மைச் சுட்டிகளை மட்டும் எடுக்கிறார்கள். இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றில் முதன்மை என்று உறுதியானவை இதுவரை 52 மட்டுமே.

இன்னொரு குணத்தையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். மெர்சென் எண்ணுக்குக் காரணி இருந்தால் அது சுட்டியின் இரு மடங்கின் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவும் இருக்க வேண்டும். சுட்டி 11 என்றால் 23, 45, 67, 89 என்று போகும். 45 உம் 67 உம் எட்டின் நிபந்தனையில் விழுந்துவிடும், மிஞ்சுவது 23 உம் 89 உம். பெரிய சுட்டிகளிலும் கணினி முதலில் இந்தச் சல்லடையைத்தான் போடுகிறது. பாதிக்கும் மேற்பட்ட சுட்டிகள் இதிலேயே கழிந்துவிடும்.

2. பெரிய எண்ணை இறக்கிச் சரிபார்க்க

கிம்ப்ஸின் தளமான மெர்சென் டொட் ஓர்க்கில் அந்த எண்ணின் எல்லா இலக்கங்களும் கோப்பாகக் கிடைக்கும். ஓர் இலக்கத்துக்கு ஒரு பைட் என்பதால் விரித்தால் 41 மெகாபைட், சுருக்கிய கோப்பு ஏறக்குறைய அதில் பாதி. வேர்டில் திறக்காதீர்கள், பழைய கணினி அப்படியே நின்றுவிடும். அச்செடுக்கும் ஆசையும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 5,000 இலக்கம் போட்டாலும் 8,200 பக்கத்துக்கு மேல் போகும்.

அதற்குப் பதில் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

கடைசி இரண்டு இலக்கம்: இரண்டின் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் 2² இலிருந்து இருபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். 136,279,841 ஐ 20 ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2²¹ = 2,097,152 இன் முடிவுதான் இங்கும்: 52. ஒன்றைக் கழித்தால் 51. கோப்பின் கடைசியைப் பாருங்கள், 51 என்றே முடியும்.

ஒன்பதின் மீதி: இரண்டின் அடுக்குகளை 9 ஆல் வகுத்தால் மீதி ஆறுக்கு ஒருமுறை திரும்பும். சுட்டியை 6 ஆல் வகுத்தால் மீதி 5. 2⁵ = 32, அதை 9 ஆல் வகுத்தால் மீதி 5, ஒன்றைக் கழித்தால் 4. அப்படியென்றால் நாலு கோடிக்கு மேற்பட்ட அந்த இலக்கங்கள் அனைத்தையும் கூட்டி 9 ஆல் வகுத்தாலும் மீதி 4 வர வேண்டும். பைத்தன் தெரிந்த பிள்ளை சில வரியில் எழுதிப் பார்த்துவிடும். இறக்கும்போது கோப்பு பழுதாகியிருந்தால் இங்கே பெரும்பாலும் பிடிபடும்.

இலக்கங்களின் எண்ணிக்கை: சுட்டியை 2 இன் மடக்கையால் பெருக்கி, முழு எண் பகுதியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மடக்கை 0.30103 என்று எடுத்தால் 41,024,321 வரும், ஒன்று கூடிவிடும். 0.3010299957 என்று எடுத்தால்தான் சரியான 41,024,320 கிடைக்கும். சுட்டி இவ்வளவு பெரிதாகும்போது ஐந்து தசம தானம் போதாது.

3. கரண்ட் கணக்கு: இதைப் போடாமல் தொடங்காதீர்கள்

சேர்வதற்குக் கட்டணம் இல்லை, மென்பொருளும் இலவசம். செலவு முழுக்க மின்கட்டணத்தில்தான். மலையகத்தில் பல வீடுகளின் மாதப் பாவனை குறைவு என்பதால் இது நம்மை அதிகம் பாதிக்கும்.

இரவு பகலாக ஓடும் 50 வாட் மடிக்கணினி மாதத்துக்கு 36 அலகு எடுக்கும். 150 வாட் மேசைக்கணினி 108 அலகு. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். மாதம் 60 அலகைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறுகிறது, அப்புறம் 90, 120, 180 என்று படிகள், அவற்றோடு நிலையான கட்டணமும் கூடும். 55 அலகு பாவிக்கும் வீட்டில் 36 அலகைச் சேர்த்தால் 91 ஆகும். கூடிய 36 அலகுக்கு மட்டும் காசு கூடுவதில்லை, மொத்தப் பில்லும் வேறு கணக்கில் வரும். விகிதங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால் ரூபாய்க் கணக்கை உங்கள் கடைசிப் பில்லை வைத்தே போடுங்கள்.

கணினி எத்தனை வாட் எடுக்கிறது என்று அறிய கருவி வாங்கத் தேவையில்லை. ஒரு நாள் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டரின் அளவைக் குறித்து, சில மணித்தியாலம் கழித்து மறுபடி குறியுங்கள்.

அடுத்தது நேரம். ஒரு சுட்டியைச் சோதிக்க ஏறக்குறைய அந்தச் சுட்டியின் அளவுக்கே வர்க்கங்கள் செய்ய வேண்டும். 13 கோடியே 62 இலட்சம் என்றால் அத்தனை தடவை. மென்பொருள் திரையில் ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிசெக்கன் என்று காட்டும். 5 மில்லிசெக்கன் என்றால் முழுச் சோதனைக்கும் ஏறத்தாழ 8 நாள். 30 மில்லிசெக்கன் என்றால் 47 நாள்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 150 வாட் கணினி 8 நாளில் முடித்தால் செலவு 28 அலகு அளவில். 50 வாட் பழைய மடிக்கணினி 47 நாள் எடுத்தால் 57 அலகு. வாட் குறைந்த கணினி ஒரு சோதனைக்கு இரு மடங்கு கரண்ட் தின்கிறது! ‘பழைய லெப்டொப் சும்மா கிடக்கிறதே, அதில் ஓட விடுவோம்’ என்று பலரும் தொடங்குவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், வாட்டை நேரத்தால் பெருக்கிப் பாருங்கள்.

லயத்தில் ஒரே மின் இணைப்பை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொண்டால், மற்றக் குடும்பத்திடம் சொல்லி, கூடும் அலகை நீங்கள் ஏற்பதாகப் பேசி முடித்த பிறகே தொடங்குங்கள்.

4. பத்திரங்கள்

அடையாள அட்டை எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு பயனர் பெயரும் போதும். பதிவுக்குப் பணம் கேட்டு யாராவது செய்தி அனுப்பினால் அதற்கும் இந்தத் தேடலுக்கும் தொடர்பில்லை.

உங்களுக்குச் சொந்தமில்லாத கணினி என்றால் உரிமையாளரின் அனுமதி கட்டாயம். திட்டத்தின் விதியும் அதுதான். பாடசாலைக் கணினி அறையில் ஓட விட விரும்பினால் அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடிதத்தில் எத்தனை கணினிகள், எந்த நேரத்தில் ஓடும், மாதத்துக்கு எத்தனை அலகு கூடும், பரீட்சைக் காலத்தில் யார் நிறுத்துவார் என்ற நான்கும் இருக்கட்டும். அலகுக் கணக்கை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அதிபருக்கும் முடிவு எடுப்பது சுலபம்.

பயனர் பெயரில் உங்கள் முழுப் பெயரோ பாடசாலையின் பெயரோ வைக்காதீர்கள். அது பொதுப் பட்டியலில் தெரியும்.

5. எந்த வேலையைக் கேட்பது?

விண்டோஸுக்கு பிரைம்95, லினக்ஸுக்கு எம்பிரைம். இரண்டும் ஒரே பொறிதான். நிறுவியதும் எந்த வகை வேலை வேண்டும் என்று கேட்கும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். நேரே 10 கோடி இலக்க எண்ணைத் தேடப் போகிறேன் என்று 33 கோடிக்கு மேற்பட்ட சுட்டியை எடுத்துவிட்டு, பல மாதம் ஓடும் வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் பரிந்துரை மறுசோதனையில் தொடங்குவது. பட்டியலில் டபுள் செக் என்று இருக்கும். ஏற்கனவே ஒருவர் லூகாஸ்–லேமர் சோதனை செய்து முடித்த சிறிய சுட்டியை உங்களுக்குத் தருவார்கள். சுட்டி பாதியானால் நேரம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும். அதைவிட முக்கியம், உங்கள் கடைசி மீதி முதல் ஆளின் மீதியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் உங்கள் கணினியின் நினைவகம் நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும். அந்தப் பழைய முடிவும் அன்றோடு உறுதியாகும். இது சின்ன வேலை இல்லை. முதல் சோதனை பிழைத்திருந்தால் ஒரு முதன்மை எண்ணே தவறவிடப்பட்டிருக்கலாம், அதைப் பிடிப்பது மறுசோதனைதான்.

அதில் தேறிய பிறகு முதல்முறைச் சோதனைக்கு மாறுங்கள். இப்போது அதற்குப் பயன்படுவது சாத்திய முதன்மைச் சோதனை, அதாவது ‘அநேகமாக முதன்மை எண்தான்’ என்று மட்டும் சொல்லும் சோதனை. 4 க்குப் பதில் 3 இல் தொடங்கி வர்க்கித்துக்கொண்டே போகும். இதோடு ஜெர்பிச் சரிபார்ப்பு சேர்ந்திருப்பதால் நடுவில் நினைவகம் பிசகினாலும் பிடித்து, சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிவிடும். வோல்டேஜ் ஏறி இறங்கும் நம் பக்கத்துக்கு இது பெரிய உதவி.

6. முதல் நாளே மாற்ற வேண்டிய அமைப்புகள்

வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை இடைநிலைக் கோப்பு சேமிக்கப்படும். கரண்ட் போனால் அதிகபட்சம் அந்த அரை மணித்தியாலம்தான் நட்டம். அதை 10 நிமிடமாக்குங்கள். இதற்காக மட்டும் யுபிஎஸ் வாங்கச் செலவழிக்க வேண்டாம்.

வட்டில் இடம் வையுங்கள். 13 கோடிச் சுட்டிக்கு ஒரு இடைநிலை எண்ணே 17 மெகாபைட். சான்றுக் கோப்பு (முழுச் சோதனையையும் மறுபடி செய்யாமலே உங்கள் முடிவை மற்றவர்கள் சரிபார்க்க உதவுவது) தயாரிக்க இப்படி 256 எண்களைச் சேர்த்து வைத்தால் 4.4 கிகாபைட் தேவை. இடம் போதாவிட்டால் சான்று சிறிதாகும் அல்லது இல்லாமலே போகும், அப்போது வேறொருவர் முழுச் சோதனையையும் மறுபடி செய்ய நேரும். உங்கள் கரண்டும் அவர் கரண்டும் வீண்.

டேட்டா பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு இடத்தில் கவனம். வேலை வாங்குவதும் நிலவரம் அனுப்புவதும் மிகச் சிறிய பரிமாற்றங்கள். முடிவில் அனுப்பும் சான்றுக் கோப்பு மட்டும் 150 மெகாபைட் அளவில் இருக்கும். கைபேசி ஹொட்ஸ்பொட்டில் இருக்கும்போது அது தானாகப் போகத் தொடங்கினால் அன்றைய டேட்டா முடிந்துவிடும். பதிவேற்றும் நேரத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்த அமைப்பு உண்டு. இரவு நேரத்துக்குத் தனி அளவு தரும் பொதி உங்களிடம் இருந்தால் நள்ளிரவுக்குப் பின் என்று வைத்துவிடுங்கள்.

7. இடி, ஈரம், புகை

நுவரெலியாவின் குளிர் கணினிக்கு நல்லது. கொழும்பில் சூடாகி வேகம் குறையும் அதே கணினி அங்கே சீராக ஓடும். பிரச்சினை வேறு மூன்று.

சித்திரை மாதத்தை ஒட்டியும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி பலமாக இருக்கும். வானம் இருட்டியதும் நிறுத்திவிட்டு, சுவர்ச் செருகியைக் கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பலரும் மறப்பது அந்த வயரைத்தான்.

விறகடுப்பு உள்ள அறையில் கணினியை வைக்காதீர்கள். புகைக்கரி விசிறியில் ஒட்டினால் தூசு போல ஊதி எடுக்க முடியாது. வேறு இடமே இல்லையென்றால் சமையல் நேரத்தில் நிறுத்தி, மூடி வையுங்கள்.

மடிக்கணினியைப் படுக்கையிலோ கம்பளித் துணியிலோ வைத்து ஓட விடவே கூடாது. கழற்றக்கூடிய பெட்டரி என்றால் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுங்கள். கழற்ற முடியாவிட்டால் அடிப்பகுதி வீங்குகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள், வீங்கினால் அன்றே நிறுத்துங்கள்.

8. முடிவு வந்ததும்

பெரும்பாலும் ‘முதன்மை எண் இல்லை’ என்றுதான் வரும். 13 கோடி அளவிலான சுட்டியில் ஒரு சோதனைக்கு வாய்ப்பு ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டே வாருங்கள், பிள்ளைகளுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சான்றோடு போய்ச் சேர்ந்த ‘இல்லை’ என்ற விடை நிரந்தரமானது. அந்தச் சுட்டியை இனி உலகில் யாரும் தொடத் தேவையில்லை.

‘சாத்திய முதன்மை’ என்று வந்தால் கத்திச் சொல்லத் தோன்றும், பொறுங்கள். வேறு கணினிகளில், வேறு மென்பொருள்களில் லூகாஸ்–லேமர் சோதனை நடந்து உறுதியான பிறகே அறிவிப்பு வரும். 2024 இல் அயர்லாந்தில் இருந்த கணினி அந்த எண்ணை முதலில் காட்டியது. டெக்சாஸில் இருந்த இன்னொன்று ஒக்டோபர் 12 இல் லூகாஸ்–லேமர் சோதனையை முடித்தது. பொது அறிவிப்பு ஒக்டோபர் 21 இல் வந்தது.

பரிசு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 10 கோடி இலக்கத்துக்குக் குறைந்த புதிய மெர்சென் முதன்மை எண்ணுக்கு கிம்ப்ஸ் தரும் தொகை 3,000 அமெரிக்க டொலர். பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்பை வைத்துப் பார்த்தால் கரண்ட் காசுகூடத் திரும்பாது. பணத்துக்காக என்றால் தொடங்கவே வேண்டாம். பெரிய முதன்மை எண்ணை வங்கிகளுக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். இணையப் பாதுகாப்பில் வழக்கமாகப் பயன்படுபவை முந்நூறு, அறுநூறு இலக்க அளவிலான முதன்மை எண்கள். அவை இரகசியமாக இருக்க வேண்டும். உலகமே அறிந்த எண்ணால் அங்கே பயன் இல்லை.

9. பாதியில் நிறுத்த வேண்டி வந்தால்

பரீட்சை வரும், கணினி பழுதாகும், பில் கூடும். நிறுத்துவதில் தவறில்லை, சொல்லாமல் போவதுதான் தவறு. நீங்கள் எடுத்த சுட்டி உங்கள் பெயரில் பூட்டப்பட்டிருப்பதால் இன்னொருவருக்கு அது உடனே போகாது. கொஞ்சநாள் இடைவெளி என்றால் இடைநிலைக் கோப்புகள் உள்ள முழுக் கோப்புறையையும் பென்டிரைவில் பிரதி எடுங்கள். வேறு கணினியில் அதைப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முற்றாக விடுவதாக இருந்தால், நீக்குவதற்கு முன் மென்பொருளில் வேலையைத் திருப்பிக் கொடுக்கும் தெரிவை அழுத்தி, தளத்தில் உங்கள் கணக்கின் கீழ் அந்தச் சுட்டி மறைந்துவிட்டதா என்று பாருங்கள். மறைந்த பிறகு கோப்புறையை அழிக்கலாம்.